நெஞ்சம் மறக்காத பூச்சாண்டி!

போன கோடை விடுமுறைக்குப் பேத்தி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். எங்கள் ஊர் கிளாவரை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று வளைந்து வளைந்து வரும் பஸ், "இதற்கு மேல் ரோடு இல்லை" என்று நின்றுவிடுகிற இடம். மலையைத் தாண்டினால் அந்தப் பக்கம் கேரளம். பூண்டும் உருளைக்கிழங்கும்தான் எங்கள் பிழைப்பு. பல நாள் மாலை நாலு மணிக்கே மூடுபனி வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிடும்.

அப்படி ஒரு மாலை. மழை, கரண்ட் இல்லை. கம்பளிக்குள் சுருண்டு கொண்டு பேத்தி கேட்டாள்: "அம்மாச்சி, சின்னப் புள்ளையில நீங்க பாத்து பயந்த படம் எது?"

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நெஞ்சம் மறப்பதில்லை" என்றேன்.

ஏற்கெனவே செல்போனில் இறக்கி வைத்திருந்த பழைய படங்களில் அதுவும் இருந்தது. இருவரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்தோம். பாதிப் படத்தில் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கா பயந்தீங்க? இதுல பேயே வரலையே அம்மாச்சி!"

நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சகோதரிகளே, இந்தப் படத்தை இதற்கு முன் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் அது எனக்கு வேறு வேறு படமாக இருந்தது. படம் மாறவில்லை. நான்தான் மாறியிருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல் முறை 1974. எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரில் ஏது கொட்டகை? வத்தலக்குண்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நடையும் பஸ்ஸுமாக மலையிறங்கி அங்கே போயிருந்தேன். அந்த ஊரில் டூரிங் டாக்கீஸ் உண்டு. கீற்றுக் கொட்டகை, பெண்களுக்குத் தனியாக ஒரு பக்கம், தரை டிக்கெட் எடுத்தால் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து கொள்ளலாம். ரீல் மாற்றுவதற்கு நாலு இடைவேளை. ஒவ்வொரு இடைவேளைக்கும் முறுக்குக் கூடை வரும்.

1963-இல் ஸ்ரீதர் எடுத்த படம் அது. பதினொரு வருஷம் கழித்துத்தான் அந்தக் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தது. கதையை இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பனின் ஊருக்கு வரும் இளைஞனுக்கு ஒரு பாழடைந்த மாளிகையைப் பார்த்ததும் போன ஜென்ம ஞாபகம் வருகிறது. முற்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். எளிய குடும்பத்துப் பெண் ஒருத்தியை விரும்பியவன். கல்யாண்குமாரும் தேவிகாவும் அந்த ஜோடி. அவர்களைச் சேரவிடாமல் செய்த ஜமீன்தார், நூறு வயதைத் தாண்டியும் சாகாமல், அதே வன்மத்தோடு காத்திருக்கிறார். அவர்தான் நம்பியார்.

அடேயப்பா, அந்தக் கிழவரின் முகம்! வின்சென்ட்டின் காமிரா அந்த மாளிகையின் இருட்டைக் காட்டக் காட்ட, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் அந்தத் தலைப்புப் பாட்டு திரும்பத் திரும்ப வர, நான் அத்தையின் முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். மூடினாலும் காது கேட்கிறதே! படம் விட்டு வயல் வரப்பில் அரிக்கேன் விளக்கோடு வீட்டுக்கு நடந்தோம். பின்னால் யாரோ வருகிற மாதிரியே இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் எத்தனையோ நாள், மூடுபனிக்குள் யாராவது கம்பளி போர்த்திக் கொண்டு நடந்து வந்தால் எனக்கு அந்தக் கிழவர்தான். காதல், ஜென்மம், துப்பாக்கி எதுவும் மனதில் பதியவில்லை. பதிந்தது முகம் ஒன்றுதான்.

இரண்டாவது முறை 1989. ஊர்த் திருவிழாவுக்கு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து, சாவடி முன்னால் விடிய விடியப் படம் போட்டார்கள். மூன்று படத்தில் இது ஒன்று. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மடியில் நாலு வயது மகள்.

நம்பினால் நம்புங்கள், எனக்குச் சிரிப்பு வந்தது! ஒட்டுத் தாடியும் சுருக்கம் போட்ட மேக்கப்பும் நன்றாகவே தெரிந்தன. 'இதற்கா நடுங்கினோம்' என்று பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் சொல்லிச் சிரித்தேன். பாட்டுக்கள் மட்டும் முன்னைவிட இனித்தன. பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடியதைக் கேட்டபடி பாதித் தூக்கத்தில் இருந்தேன். மடியில் இருந்தவள் தூங்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் சாப்பிட மறுத்தாள். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை. "சாப்பிடலேன்னா அந்த டி.வி. தாத்தா வந்து புடிச்சிட்டுப் போயிடுவாரு!" என்றேன். ஒரே நொடியில் வாய் திறந்தது. எத்தனை சுலபமான வழி! அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு, தூக்கத்துக்கு, தலை பின்னுவதற்கு எல்லாவற்றுக்கும் அந்தத் தாத்தாவைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

பத்து நாளில் விளைவு தெரிந்தது. படுக்கையை நனைப்பதை எப்போதோ நிறுத்தியிருந்த பிள்ளை, மறுபடி நனைக்க ஆரம்பித்தாள். நடுராத்திரியில் அலறி எழுந்தாள். இருட்டினால் வாசற்படி தாண்டமாட்டாள். கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் பிள்ளையைச் சோதித்து, உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு கேட்டார்: "வீட்ல யாராவது பயங்காட்டுறீங்களாம்மா?"

என் முகம் சுண்டிவிட்டது.

அவர் சொன்னதை இன்றைய இளம் தாய்மார்களுக்கும் சொல்கிறேன். நாலைந்து வயதுப் பிள்ளைக்குக் கதை எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் முகம் அதற்கு உண்மையான முகம். படுக்கையை நனைத்தால் திட்டவோ, மற்றவர் முன் கேலி செய்யவோ கூடாது. தூங்கப் போகுமுன் சிறுநீர் கழிக்க வைத்து, சின்ன விளக்கு ஒன்றை எரிய விடுங்கள். 'சும்மா இரு, பயம் என்ன பயம்' என்று அடக்காமல், எதைக் கண்டு பயம் என்று சொல்ல வையுங்கள். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பித்தாலோ, எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலோ, ஓயாமல் தண்ணீர் கேட்டாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பயம் காட்டிச் சோறு ஊட்டாதீர்கள்.

தாத்தாவை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் பிள்ளை தேறினாள். பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். படிக்கவில்லை என்பது தெரியப் பத்தொன்பது வருஷம் ஆனது.

மூன்றாவது முறை 2008. மகள் மதுரையில் நர்ஸிங் படித்து, கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். அந்த வருஷம் தீபாவளிக்கு வந்தவள், அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொண்டே மெதுவாகச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். நம் ஆட்கள் இல்லையாம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "அப்பா காதுல விழுந்தா வெட்டிப் போட்டுடுவாருடி! உன்னையும் வெட்டுவாரு, அவனையும் வெட்டுவாரு. வாயை மூடிக்கிட்டு இரு!"

அவள் ஒன்றும் பேசவில்லை. பூண்டை உரித்து முடித்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு போன் இல்லை. எங்கள் ஊரில் அப்போது மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தினமும் மேட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்குவேன்.

அந்த வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி ஸ்ரீதர் காலமானார். சரியாக முப்பதாம் நாள், நவம்பர் 19-ஆம் தேதி, நம்பியாரும் போய்விட்டார். அதையொட்டி ஏதோ ஒரு சானலில் 'நெஞ்சம் மறப்பதில்லை' போட்டார்கள். வீட்டில் நானும் அவரும் மட்டும்.

இந்த முறை எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கிழவரின் முகமும் பயம் தரவில்லை. முற்பிறவிக் கதையில், தான் பெற்ற மகன் விரும்பிய பெண் என்றும் பாராமல், அந்தஸ்து போய்விடும் என்று அப்பன் துப்பாக்கியைத் தூக்குகிறானே, அங்கேதான் என் வயிறு கலங்கியது. மூன்றாவது முறையாகப் பார்க்கும்போதுதான் அந்த இடம் என் கண்ணில் பட்டது. இதில் பேயே கிடையாது. பயங்கரம் எல்லாம் ஒரு வீட்டுக்குள், ஒரு தகப்பனிடம் இருக்கிறது!

எங்க வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்தபடியே, "பெத்தவன் செய்யற வேலையா இது?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "நீங்களும் அப்படித்தான் செய்வீங்கன்னு பெரியவகிட்ட சொல்லியிருக்கேன்" என்று உளறிவிட்டேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது.

வெகுநேரம் அவர் பேசவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில், "வெட்டுவேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அவர் ஒருநாளும் சொன்னதில்லை! கோபக்காரர்தான். சத்தம் போடுவார். ஆனால் பிள்ளைகள் மேல் கை வைத்தவர் இல்லை. அந்த வார்த்தை முழுக்க முழுக்க என்னுடையது.

"அன்னிக்கு டி.வி. தாத்தாவைக் காட்டினே. இன்னிக்கு என்னையே பூச்சாண்டி ஆக்கிட்டியாம்மா?" என்றார். அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் உடனே சம்மதித்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். "சரின்னு சொல்லலை. ஆனா புள்ளை வீட்டுக்கு வரணும். வரச் சொல்லு, பேசிக்கலாம்" என்றார். மறுநாள் மேட்டில் ஏறி, அந்த வார்த்தையை அப்படியே மகளிடம் சொன்னேன். "வெட்டுவேன்னது அப்பா இல்லடி, நான்தான்" என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் மனம் இறங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 2010-இல் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. கொழுந்தனார் வீட்டார் வரவில்லை. இன்றுவரை போக்குவரத்து இல்லை. அந்த வருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

பிற்பாடு நம்பியாரைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டேன். படம் வந்தபோது அவருக்கு வயது 44 தானாம்! இன்று எனக்கு இருக்கும் வயதைவிடக் குறைவு. நிஜத்தில் சைவ உணவுக்காரர், ஆண்டு தவறாமல் சபரிமலைக்குப் போய் வந்த குருசாமி. நல்ல மனிதர் ஒருவர் வேஷம் போட்டால் பத்து வயதுப் பிள்ளை காலமெல்லாம் நடுங்குகிறது. அதே மாதிரி ஒரு வேஷத்தைத்தான் என் நாக்கு எங்க வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டது.

இதே படத்துக்கு ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், அடுத்த வருஷமே, 1964-இல், மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற படத்தை இயக்கினார். பஷீரின் கதை. அதில் நிஜமாகவே ஒரு பெண்ணின் ஆவி வரும். ஆனால் அதைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. அவள் வாழ்வைக் கெடுத்த, உயிரோடு இருக்கும் மனிதனிடம்தான் பயம். செத்தவர்களால் ஆபத்து இல்லை, இருப்பவர்களிடம்தான் என்று இரண்டு படமும் ஒன்றையே சொல்கின்றன.

எல்லா வீட்டிலும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் மலைத்தொடரின் அடிவாரத்துக்கு அருகே, உடுமலைப்பேட்டையில், 2016 மார்ச்சில் பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில், காதலித்து மணந்த ஓர் இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, 'வெட்டிப் போட்டுடுவார்' என்று நான் விளையாட்டாக உதிர்த்த வார்த்தையின் கனம் புரிந்தது. உண்மையாகவே அப்படி மிரட்டுகிறவர்கள் உள்ள வீடுகளில், தாய் மிரட்டலை மகளிடம் கொண்டு போய்ச் சேர்க்கிறவளாக இருக்கக் கூடாது. மகளுக்குக் கேடயமாக நிற்க வேண்டும். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பேத்தி கேட்ட கேள்விக்கு மறுநாள் காலை கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது பதில் சொன்னேன். "பேய் வரலைதான் கண்ணு. ஆனா அம்மாகிட்டயோ அப்பாகிட்டயோ ஒரு விஷயத்தைச் சொல்லவே பயமா இருக்குன்னு உனக்கு எப்பவாவது தோணுச்சுன்னா, அதுதான் பேய். அப்ப அம்மாச்சிக்குப் போன் போடு."

"இப்பவே ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். கணக்குப் பரீட்சையில் மார்க் குறைந்ததை வீட்டில் சொல்லவில்லையாம்! பஸ் ஏறுமுன் அவள் அம்மாவுக்கு நானே போன் போட்டுக் கொடுத்தேன். இப்போதெல்லாம் வாசலிலேயே சிக்னல் கிடைக்கிறது.