தண்ணீரும் எண்ணெயும்

சிறுவாச்சூர்க்காரன் ஒருவன் மோட்டார்ப் படகைப் பற்றி எழுதப் புகுந்தால் நேயர்கள் நகைப்பது நியாயமே. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் மதுரகாளியம்மன் உண்டு. திங்களும் வெள்ளியும் அவளைத் தரிசிக்கத் திரளும் ஜனங்கள் உண்டு. சோளமும் பருத்தியும் உண்டு. படகு மிதக்கும் அளவுக்கு ஜலம் மட்டும் கிடையாது. இந்தப் பக்கத்துச் சாத்தனூரில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரத்தை ஆராய்ந்த பூகர்ப்ப சாஸ்திரிகள், சுமார் பத்துக் கோடி வருஷங்களுக்கு முன் இங்கே சமுத்திரம் இருந்தது என்கிறார்கள். அது திரும்பி வரும் உத்தேசம் எதுவும் தெரியவில்லை.

ஆயினும் படகைத் தள்ளும் யந்திரம் எங்களுக்கு அந்நியமன்று. கவலை ஏற்றம் மறைந்து மின்சார மோட்டார் வருமுன், எங்கள் கிணற்றங்கரைகளை ஆண்டது ஆயில் இஞ்சின்தான். அந்தத் தொழிலில் கை தேர்ந்த என் மச்சான், ஊரில் இஞ்சின்கள் குறையவே, நாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தார். அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் இப்போது விசைப்படகுகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகள் பழுது பார்க்கப்படும் காலம். எனக்கோ பள்ளி விடுமுறை. சென்ற கோடையில் பதினைந்து நாள் அவருடைய திண்ணையில் தங்கினேன்.

"கிணத்துல நின்னா பயிர் வாடும், மாப்பிள்ளை. கடல்ல நின்னா ஆள் திரும்ப மாட்டான். இஞ்சின் என்னவோ ஒரே ஜாதிதான்" என்பார்.

இஞ்சினுக்குத் தண்ணீரும் வேண்டும், எண்ணெயும் வேண்டும். ஒன்றின் பாதையில் மற்றொன்று நுழையலாகாது. தண்ணீரின் பாதை கண்ணுக்குத் தெரிவது. படகின் அடிவயிற்றிலுள்ள வால்வைத் திறந்தால் கடல்நீர் சல்லடை வழியே பம்புக்கு ஏறி, சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டில் கொட்டுகிறது. இஞ்சினைக் கிளப்பியவுடன் படகுக்காரன் முதலில் எட்டிப் பார்க்க வேண்டியது அந்தத் தாரையைத்தான். அது மெலிந்தால் சல்லடையில் பாசியோ, நாம் கடலுக்குத் தானம் செய்த பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும். பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரம் நீரின்றிச் சிறிது நேரம் ஓடினாலே கருகிப் பிய்ந்துவிடும். பெரிய இஞ்சின்களில் நல்ல தண்ணீர் உள்ளேயே சுற்றிவர, கடல்நீர் அதை வெளியே நின்று குளிர்விக்கிறது. கொதிக்கும்போது அதன் மூடியைத் திறப்பவன் முகத்தைப் பணயம் வைக்கிறான்.

எண்ணெயின் பாதைதான் வஞ்சகமானது. ருடால்ப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டினார். 1900-ஆம் வருஷத்துப் பாரீஸ் கண்காட்சியில் அந்த வகை இஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது! எங்கள் ஊர்ச் செக்குக்காரர் அறிந்தால் பூரித்துப்போவார். எந்த எண்ணெயானாலும் சரி, அது சுத்தமாக இருக்க வேண்டும்.

தொட்டி பாதி காலியாக இருந்தால், இராக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் துளிகளாய் வடியும். கேனிலிருந்தும், மேல்தளத்து மூடி வழியாகவும் இன்னும் கொஞ்சம் சேரும். டீசல் நீரைவிட இலேசானது. ஆகவே நீர் அடியில் தங்கிவிடும். துறைமுகத்தில் ஒரு குறையும் தெரியாது. ஆழ்கடலில் காற்றெழுந்து படகு குலுங்கும்போதுதான் அடியில் கிடந்த நீரும் வண்டலும் கலங்கிப் பில்டருக்கு வருகின்றன. இஞ்சின் மிக அவசியமான அதே தருணத்தில் அது திக்கித் திக்கி நின்றுவிடுகிறது! இஞ்சின் நின்ற படகுக்கு எல்லைக்கோடு தெரியாது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த கோட்டை நீரோட்டம் மதிப்பதுமில்லை. கடலில் கைதானவர்களின் குடும்பங்கள் கரையில் காத்திருப்பதைப் பத்திரிகைகளில் படிக்கிறோம்.

இதற்கு மச்சான் செய்யும் சிகிச்சை ஐந்து நிமிஷ வேலை. இரவே தொட்டியை நிரப்பச் சொல்வார். விடியுமுன் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடிப் புட்டியில் பிடிப்பார். கீழே வெள்ளை அடுக்கு தெரியாமல், மேலும் கீழும் ஒரே நிறமாக வரும் வரையில் வடிப்பார். பில்டரை மாற்றினால் காற்றுப் புகுந்திருக்கும். திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரையில் கைப்பம்பை அடிக்க வேண்டும். போவதற்கு ஒரு பங்கு, வருவதற்கு ஒரு பங்கு, கடலுக்கு ஒரு பங்கு என்பது டீசல் கணக்கு. அந்த மூன்றாவது பங்கைத் தொட்டுப் பேரம் பேசும் முதலாளிகளிடம் அவர் பேச்சே கொடுப்பதில்லை.

பட்டதாரியான நான் எட்டாம் வகுப்புக்கு அடர்த்திப் பாடத்தை இருபது வருஷமாக நடத்தி வருகிறேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்; அதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். கிரீஸ் படிந்த கை படிக்காதவன் கை என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டல்லவா? அந்தக் கையிலிருந்து அடுக்குத் தெரியும் புட்டி ஒன்றை வாங்கிவந்து வகுப்பு ஜன்னலில் வைத்தேன்.

மறுவாரம் ஒரு பையன் காலி மருந்துப் புட்டியை மேஜைமேல் வைத்தான். அவன் வீட்டு டிராக்டரின் டீசல் தொட்டியிலிருந்து அவனும் தகப்பனாருமாக வடித்தது. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் இருந்தது.