கால்வாயும் இருப்புப்பாதையும் கூடிய வழி

இருப்புப்பாதையை நம்பி ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. ஆகவே, ஓய்ந்துபோன ஓர் இருப்புப்பாதையின் மறுபிறவியைப் பற்றி எழுதத் துணிந்தேன். நேரில் கண்டதன்று, அலுவல் முடிந்த மாலைகளில் நிலப்படத்தையும் நூல்களையும் துணைகொண்டு அறிந்தது.

அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் நகர் வரை, நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய வழியொன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 335 மைல். கம்பர்லாந்து என்னும் ஊர் வரையுள்ள 184 மைலும் செசபீக்–ஒகையோ கால்வாயின் கரை. கோவேறு கழுதைகள் கயிற்றால் படகை இழுத்து நடந்த தடம். அதற்கப்பால் பிட்ஸ்பர்க் வரையுள்ள 150 மைலில் பெரும்பகுதி, வெஸ்டர்ன் மேரிலாந்து முதலிய ரயில் கம்பெனிகள் கைவிட்ட பாதை.

கால்வாய்க்கு 1828 ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் ஆடம்ஸ் மண்வெட்டித் தொடங்கிவைத்தார். அதே நாளில் பால்டிமோர் நகரில் பால்டிமோர்–ஒகையோ இருப்புப்பாதைக்கு முதற்கல் நாட்டப்பெற்றது. ரயில் 1842இல் கம்பர்லாந்தை அடைந்தது. கால்வாயோ 1850இல்தான் வந்து சேர்ந்தது. நீரைத் தேக்கிப் படகை உயர்த்தும் அடைப்புகள் 74. மலையைக் குடைந்த பாபா சுரங்கம் மட்டும் 3,118 அடி. பிட்ஸ்பர்க் செல்லும் எண்ணம் அங்கேயே நின்றது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்தும் முடிந்தது.

வென்ற ரயிலுக்கும் முடிவு வந்தது. கம்பர்லாந்திலிருந்து மலைமேல் 1912இல் திறந்த வெஸ்டர்ன் மேரிலாந்துப் பாதை 1975இல் மூடப்பெற்றது. நம் தொழிலில் தண்டவாளப் பாதையைப் 'பெர்மனென்ட் வே', அதாவது நிலையான வழி, என்கிறோம்! ஆயினும் அதை அமைத்தவர் உழைப்பு வீண்போகவில்லை. எஞ்சின் செங்குத்தாக ஏறாது. ஆதலால் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயரும்படி வழி வகுத்தனர். அதன் பயனாக 2,392 அடி உயரமுள்ள மலைமுகட்டையும் முதியோரும் சிறுவரும் மிதிவண்டியில் கடக்கின்றனர்.

இவ்வழி தானே பிழைத்துவிடவில்லை. கால்வாய்க்கரையில் மோட்டார்ச் சாலை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் 1954இல் பத்திரிகை ஆசிரியர்களை உடன்வர அழைத்து, அக்கரை முழுவதையும் நடந்தே கடந்தார். 1971இல் அது தேசியப் பூங்காவாயிற்று. ரயில் தடத்தில் 1986இல் முதலில் திறந்தது 9 மைலே. 2013இல்தான் பிட்ஸ்பர்க் வரை நிறைவுற்றது. கால்வாய் எட்டாத ஊரை, அதன் பகையாயிருந்த ரயில் இனத்தின் தடமே எட்டுவித்தது.

நம் நாட்டிலும் ரயில் ஓடாத பழைய பாதைகள் உள்ளன. அந்நிலம் ஒரே தொடராய் இருக்கும்வரை வழியாகும். துண்டுபட்டால் மீண்டும் இணைத்தல் அரிது. நம் பிள்ளைகள் நடக்க அவற்றுள் ஒன்றேனும் எஞ்சவேண்டும் என்று கேட்பது, இரயிலால் வாழும் நமக்கு உரிய கடமையன்றோ?