நாங்கள் பள்ளி தேடிய கதை

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள் பெரியோர். இது ஆற்றுக்கும் குளத்துக்கும் சொன்னது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். பெருநகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் இது பொருந்தும் என்பதை இந்த ஆண்டு எங்கள் குடும்பம் அனுபவத்தில் கண்டுகொண்டது. அதை நம் பள்ளி மலர் வாயிலாகத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் சொல்ல விழைகிறோம்.

எங்கள் ஊர் சிங்காரப்பேட்டை. அப்பா, அம்மா, ஆயா, நம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பயிலும் மூத்தவள், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஆக நாங்கள் ஐவர். அப்பாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை இரவு கடைசிப் பேருந்தில் வருவார். ஞாயிறு மாலை புறப்பட்டுவிடுவார். தீபாவளிக்கு வந்தபோது ஒரு நற்செய்தி கொண்டுவந்தார். பெங்களூருவை அடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். "இனி எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கலாம்" என்றார். நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

"பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கும்?" என்று அம்மா கேட்டார். துள்ளல் நின்றுவிட்டது. எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

அன்று தொடங்கியது எங்கள் படிப்பு. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பா, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இரண்டு ஏணிகள் வரைந்தார். இடப்புற ஏணி நம்முடையது: ஐந்து வரை தொடக்கப் பள்ளி, எட்டு வரை நடுநிலை, பத்து வரை உயர்நிலை, பன்னிரண்டு வரை மேல்நிலை. வலப்புற ஏணி கர்நாடகத்தினுடையது. அங்கே தொடக்கப் பள்ளியே பொதுவாக ஏழாம் வகுப்பு வரை நீள்கிறது. எட்டு முதல் பத்து வரை உயர்நிலைப் பள்ளி. அதற்கு மேல் உள்ள இரண்டு ஆண்டுகளைப் பள்ளி என்றே சொல்வதில்லை, பி.யூ. கல்லூரி என்கிறார்கள். இங்கே பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 500 மதிப்பெண், அங்கே 625. "அவர்கள் நம்மைவிட 125 அதிகம் படிக்கிறார்களா?" என்று தம்பி திகைத்தான். அங்கே மூன்று மொழிகள், முதல் மொழிக்கு மட்டும் 125 மதிப்பெண் என்று பிறகுதான் விளங்கியது.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, உதவி பெறாத தனியார் பள்ளி என்ற மூன்று வகையும் அங்கும் உண்டு. இவற்றோடு பெங்களூரு மாநகராட்சியும் தனியே சில பள்ளிகளையும் பி.யூ. கல்லூரிகளையும் நடத்தி வந்திருக்கிறது. மழலையர் வகுப்பிலிருந்து பி.யூ. வரை ஒரே வளாகத்தில் படிக்கக் 'கர்நாடகப் பொதுப் பள்ளி'களும் 2018-19 முதல் வந்துள்ளன. இத்தனையும் அறிந்தபின், 'நல்ல பள்ளி எது?' என்ற கேள்வியை விட்டு, 'யார் நடத்தும் பள்ளி, எந்த மொழி, எந்த வகுப்பு வரை?' என்று கேட்கப் பழகினோம்.

ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் பேருந்தேறி நேரில் பார்க்கச் சென்றோம். ஒரு தனியார் பள்ளியில், தம்பிக்கு நுழைவுத் தேர்வு வைத்துத்தான் சேர்ப்போம் என்றார்கள். அப்பா தலைகுனிந்து திரும்பினார். வீடு வந்து நம் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கேட்டபோதுதான், 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் அத்தகைய தேர்வைத் தடை செய்கிறது என்று தெரிந்தது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. ஆனால் அந்தச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான். பத்து வயதுத் தம்பிக்குத் துணையாக நிற்கும் சட்டம், பதினைந்து வயது அக்காவை வாசலிலேயே விட்டுவிடுகிறது!

மொழியும் குறுக்கே வந்தது. கர்நாடகப் பள்ளிகளில் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கன்னடம் படித்தாக வேண்டும் என்று 2015இல் சட்டம் இயற்றி, 2017-18இல் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாக நடைமுறைப்படுத்தியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கோபம். ஆனால் நம் மாநிலத்திலும் 2006இல் தமிழுக்கு அப்படியொரு சட்டம் வந்ததல்லவா? நாம் நம் மொழியைப் போற்றுவது போலவே அவர்களும் போற்றுகிறார்கள். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? தம்பிக்கு மட்டும் கவலையே இல்லை. பேருந்துப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன், "நாம் வேப்பனப்பள்ளி என்கிறோம், அவர்கள் வேப்பனஹள்ளி என்கிறார்கள். நம் பால் அவர்களுக்கு ஹாலு. 'ப'வை 'ஹ' ஆக்கினால் பாதிக் கன்னடம் வந்துவிடும்!" என்றான். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. சிஸ்டர் இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னார். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை 2020இல் நம் மாநிலம் ஒதுக்கியது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலியவற்றுக்கும் விரிந்தது. அடுத்தது, கல்லூரி செல்லும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். 2022இல் அரசுப் பள்ளி மாணவியர்க்குத் தொடங்கிய அது, 2024 டிசம்பரில் நம்மைப் போன்ற உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருக்க வேண்டும்.

தம்பிக்கோ கால்நடை மருத்துவர் ஆகவேண்டும் என்பது ஆசை. ஆயாவின் கறவைப் பசு நோயில் துடித்து இறந்த இரவில் பிறந்த ஆசை அது. ஆறாம் வகுப்பு என்ற வாசலில் அவன் நிற்கும் இதே வேளையில்தான் நாங்கள் எல்லை தாண்டப் புறப்பட்டோம்!

எங்களுக்குள் சிறு சண்டையும் நடந்தது. பெங்களூருவில் படித்தால் ஆங்கிலம் நன்றாக வரும் என்றார் அம்மா. பெரிய நகரத்துக் கல்லூரிக் கனவு மூத்தவளுக்கும் இருந்தது, அதை மறைக்கவில்லை. "நான் மறுபடியும் தனி அறையிலேயே இருந்துவிடுகிறேன்" என்றார் அப்பா. அதைக் கேட்டதும் எல்லாருடைய வாதமும் அடங்கிவிட்டது. மறுபடியும் வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவா?

பொங்கலன்று முடிவு செய்தோம். வரும் ஜூன் மாதம் ஓசூரில் வாடகை வீடு பார்ப்பது. பிள்ளைகள் இருவரும் நம் மாநிலத்திலேயே படிப்பது. அப்பா நாள்தோறும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து வேலைக்குச் சென்று வருவார். முதல் ஷிப்டு என்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். "எல்லையை நான் தாண்டுகிறேன், நீங்கள் தாண்ட வேண்டாம்" என்றார். கூடுதல் சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்கும் பேருந்துக்குமே போய்விடும் என்று அம்மா கணக்குப் போட்டுச் சொன்னபோதும் அவர் முகம் மாறவில்லை.

ஆயா மட்டும் வீட்டையும் கன்றுக்குட்டியையும் விட்டு வரமாட்டேன் என்கிறார். அந்த ஒரு கணக்குக்கு மட்டும் எங்களுக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டிலும் ஒருநாள் இப்படிப் பெட்டி கட்ட நேரலாம். வீட்டு வாடகையை விசாரிக்குமுன் பள்ளியை விசாரியுங்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நாட்காட்டித் தாளில் ஏணி வரைந்து, வீட்டில் உள்ள சிறியவனையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். நம் பள்ளியை விட்டுப் பிரியும் நாள் நெருங்குகிறது. எங்கு சென்றாலும் இப்பள்ளியின் பிள்ளைகளாகவே இருப்போம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி