குழிக்குள் மினுக்கம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை உடைத்தவர் எங்கள் பெரியப்பா. அங்கேயே, ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்களுடன் இணைந்து சிண்டிலேட்டர் பலகைகளை நிறுத்தினர் (மினுக்கி என்பது நாங்கள் இட்ட பெயர்). மின்னேற்றத் துகள் ஊடுருவினால் பலகை கணநேரம் மினுக்கும்; கண்ணுக்குப் புலப்படாத அம்மினுக்கத்தை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக்கும். மேலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களைப் பாறை தடுத்துவிட, பக்கவாட்டில் வந்த சில மினுக்கங்கள், அக்கதிர்கள் வளிமண்டலத்தில் ஈன்ற நியூட்ரினோக்களின் சுவடென அறியப்பட்டன.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. எண்பது வயதை எட்டிய பெரியப்பாவிடம் இதனை விளக்கினோம். "நாங்க தோண்டின குழியிலயா?" என்றார். தங்கத்தைப் பற்றி ஒருநாளும் வாய்திறவாதவர், அன்று மாலை தெருவில் நால்வரை நிறுத்திச் சொன்னார்.