ஸ்கந்தபுரத்தில் ஒரு காலை

கிளிநொச்சி மாவட்டத்திலே, அக்கராயனை அடுத்துள்ள விவசாய ஊர் ஸ்கந்தபுரம். ஒருநாட் காலை நாம் அங்கே சென்றிருந்தபோது, மருத மர நிழலில் முதியவர் ஒருவர் தமது உழவு இயந்திரத்தைப் பராமரித்துக்கொண்டிருந்தார்.

இயந்திரம் குளிர்ந்திருக்கையிலேயே எண்ணெயின் அளவைப் பார்த்தார். றேடியேற்றரில் நீர் நிரப்பினார். காற்று வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றி, புழுதி படிந்த எண்ணெயை அகற்றிப் புதியதை இட்டார். டீசலைவிட நீர் கனமானது. ஆதலால் டீசல் வடிகட்டியின் அடியிலே தங்கும். அதனை வடித்தபின், திருகாணியைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பியால் டீசலை ஏற்றினார். குமிழி அடங்கித் தெளிந்த டீசல் வந்த பின்னரே திருகாணியை இறுக்கினார். குழாயிற் காற்றிருந்தால் இயந்திரம் இயங்காதன்றோ?

"ஐயா, நாள்தோறும் இத்தனையும் வேண்டுமா?" என்றோம்.

"ஒயிலும் தண்ணியும் ஒவ்வொரு நாளும் பார்க்கவேணும், தம்பிமார். மற்றது புழுதியைப் பொறுத்தது. ஒருகாலத்திலே இப்படியொரு மெசினும் பெட்டியுந்தான் எங்கட வீடு."

2008ஆம் ஆண்டிற் போர் நெருங்கியபோது இப்பகுதி மக்கள் கிழக்கே பெயர்ந்தனர். டீசல் அரிதாயிருந்த அந்நாளில், பெட்டியின்மேல் தறப்பாள் கட்டி அதனையே இல்லமாகக் கொண்ட குடும்பங்கள் பல. வழியில் இயந்திரம் நின்றால், திருத்துவதற்குத் தம் கையன்றி வேறு துணையில்லை.

"அந்த மெசின் முள்ளிவாய்க்காலோட போட்டுது. கைப்பழக்கம் மட்டும் எங்களோட திரும்பி வந்தது" என்றார் பெரியவர்.

இயந்திரம் முதல் முயற்சியிலேயே இயங்கிற்று. எண்ணெய்த் துணியுடன் அருகில் நின்ற பேரன் முகம் மலர்ந்தான். அடுத்த முறை திருகாணியை இறுக்கும் பொறுப்பு அவனுடையதாம்.