புல்வெட்டிக்குப் பிறந்த வீடு எது?

லண்டனுக்கு மேற்கே, குன்றுகளுக்கு நடுவே ஸ்ட்ரௌட் என்று ஓர் ஊர். சிப்பாய்களின் சிவப்புச் சட்டைக்குக் கம்பளித் துணி நெய்து பேர் வாங்கிய ஊர். புல்வெட்டும் யந்திரமும் இங்கேதான் பிறந்தது என்றால் நம்புவீர்களா?

துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்க ஆலைகளில் ஓர் உருளைக் கத்தி உண்டு. அந்த முறையைப் புல்தரைக்குக் கொண்டுவந்தவர் எட்வின் பட்டிங். 1830-ல் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளும் யந்திரம். பெட்ரோல் மோட்டார் வைத்ததை 1902-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம்ஸ் கம்பெனி. 1921-ல் பர்மிங்ஹாமிலிருந்து 'ஆட்கோ' வந்தது.

அந்த நாட்டுத் தோட்டக் கொட்டகைகளில் பாட்டனார் காலத்து யந்திரங்கள் இன்றும் அகப்படுவதுண்டு. அது எந்த ஊர்ச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மோட்டாரில் 'வில்லியர்ஸ்' என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். அது வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து எஞ்சின். பல கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் யந்திரத்தில் பொருத்தின. மருமகளின் பிறந்த வீட்டை விசாரித்தால் மாமனார் வீட்டு விலாசம் தெரிந்துவிடுமா?

பக்கத்து வார்ப்பிரும்புச் சட்டத்தையும், புல் விழும் பெட்டியையும் பாருங்கள். குடும்பப் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். துருவைக் கண்டதும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்! மிச்சமிருக்கும் பெயிண்டும் மங்கிய எழுத்துந்தான் அதன் ஜாதகம். அதை அழித்துவிட்டால், நூறு வயது யந்திரமும் பேரில்லாத பழைய இரும்புதான்.