மூச்சு வாங்குறதை வயசு மேல போடாதீங்க

 

நம்ம தோட்டத்துக் கோயிலுக்கு வர்ற பெரியவங்க பலர் ஒரு காலத்துல பால்மரம் வெட்டுனவங்க, செம்பனைக் குலை சுமந்தவங்க. முடியலன்னு வாய் திறந்து சொல்ல மாட்டாங்க. கேட்டா, "வயசாச்சுப்பா" என்பாங்க. ஆனா கோயில்ல தொண்டு செய்யும் எங்க கண்ணுக்கு அது தெரிஞ்சிடும். மூணு சுத்து சுத்துனவங்க ஒரு சுத்தோட நிறுத்துவாங்க. பிறகு வந்ததும் நாற்காலி கேப்பாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை வர்றதே நின்னுடும். நடையைக் குறைச்சதால மூச்சு வாங்காது. வீட்டுல உள்ளவங்களுக்கும் தெரியாது.

வயசு மட்டும் இதுக்குக் காரணமில்லை. இருதயம் பலவீனமா இருக்கலாம். ஆஸ்துமா, புகைபிடிச்சுக் கெட்ட நுரையீரல், நிமோனியா, காசநோய், ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு என்று எதுவும் இருக்கலாம். ஒண்ணுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது. அதனால பக்கத்து வீட்டு ஆஸ்துமா பம்பை வாங்கி அடிக்க வேண்டாம். கோடாலி தைலம் தேய்ச்சுப் படுக்க வெச்சுட்டு சும்மா இருக்கவும் வேண்டாம்.

ஃபேக்டரியில மெஷின் சூடானா நாங்க முதல்ல ஆபரேட்டரைத்தான் கேப்போம்: எப்போ இருந்து, எந்த வேலையில? பிறகுதான் கழட்டுவோம். டாக்டரும் அப்படித்தான். போகும் முன் இதை எழுதி வெச்சுக்குங்க:

– எப்போ ஆரம்பிச்சது? திடீர்னா, கொஞ்சங்கொஞ்சமாவா?
– எவ்வளவு தூரம் நடந்தா வருது?
– மல்லாந்து படுக்க முடியுதா, எத்தனை தலையணை?
– கால் வீக்கம், நெஞ்சுவலி, சளி, காய்ச்சல், எடை குறைவு உண்டா?
– மலம் கறுப்பா போகுதா? மூட்டுவலி மாத்திரை வயித்துல ரத்தம் கசிய வைக்கலாம். அதுல ரத்தசோகை வரும்.
– சாப்பிடும் மருந்தெல்லாம் பையோட.

டாக்டர் கண், கால் பார்த்து, நெஞ்சில வெச்சுக் கேட்டு, தேவைப்பட்டா ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எடுப்பாரு. விரல்ல மாட்டும் கருவி 98 காட்டுதேன்னு விட்டுடாதீங்க. ரத்தசோகையில அந்த நம்பர் சரியாவே இருக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னா, உதடு நீலமானா, நெஞ்சு வலிச்சா, பேச்சு குழம்பினா, காத்திருக்காம 999 அழைங்க. இனிப்புநீர் உள்ளவங்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாம, வெறும் மூச்சுத் திணறலா வரலாம்.

மத்தவங்க அரசாங்க கிளினிக்குக்குப் போகலாம். குடியுரிமை உள்ளவங்களுக்குப் பதிவுக்கு ஒரு வெள்ளிக்கு மேல ஆகாது, ஐ.சி. மறக்க வேண்டாம். தேவைன்னா சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மாதிரி பெரிய மருத்துவமனைக்கு அவங்களே எழுதித் தருவாங்க.

பிள்ளைங்க கோலாலம்பூர்ல வேலையா? கூட வர ஆள் இல்லையா? பூசை முடிஞ்சதும் எங்ககிட்ட சொல்லுங்க, காடி இருக்கு. இந்த வெள்ளிக்கிழமை உங்க பக்கத்துல சுத்துற பெரியவங்களைக் கொஞ்சம் கவனிங்க. போன மாசம் வந்தவங்க யார் இப்போ வரலைன்னும் பாருங்க.